பின்சக்கரத்தில் ஒரு முனகல்

டம்பி பே,
திங்கட்கிழமை

அன்பு மகள் பெத்தனிக்கு,

அப்பா எழுதுவது. பெர்த்தில் நீயும் உன் வேலையும் வீடும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். அப்படி இல்லை என்றால் நீதான் சொல்ல வேண்டும், சொல்லாதவரைக்கும் நான் இப்படித்தான் எழுத முடியும். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மழை வேண்டிய அளவு பெய்தது. சாலையின் இரண்டு பக்கமும் கோதுமை நன்றாக முளைத்திருக்கிறது, நம்முடையது இல்லை என்றாலும் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. எழுத வேண்டிய முறைகளை எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம், நம் வெள்ளை ஸ்டேஷன் வேகனின் பின்சக்கர பேரிங்.

கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே. உனக்கும் அம்மாவுக்கும் நடுவே நடந்ததைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் பேரிங்கைத் தாண்டாமல் அங்கே போக எனக்கு வழி தெரியவில்லை.

காரின் பின்பக்கமிருந்து ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் யாரோ உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பாடுவது மாதிரி. அறுபதைத் தாண்டினால் பாட்டு ஏறும், எண்பதில் வாயைத் திறக்கும், போர்ட் லிங்கன் சாலையில் நூறைத் தொட்டால் விமானத்துக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். அம்மாவிடம், கேக்குதா டோரீன் என்றேன். எது என்றாள். சத்தம் என்றேன். ஒரு சத்தமும் இல்லை, உனக்கு வயசாகுது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் எனக்குத்தான் காதில் ஏதோ கோளாறு என்று சில வாரம் பேசாமல் ஓட்டினேன். பிறகு டயராக இருக்கும் என்று முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றினேன். பின்னால் கிடந்த தூண்டில் கழிகளையெல்லாம் இறக்கிவைத்தேன். பாட்டு நிற்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டு வாலஸைக் கூட்டிக்கொண்டு போனேன். வாலஸ் உனக்குத் தெரிந்த ஆள்தான், தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் கேட்காத விஷயத்துக்கெல்லாம் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருப்பவன். கடற்கரைச் சாலையில் திரும்புவதற்கு முன்பே, "பேரிங் போச்சு மர்ரே, வலது பின்பக்கம்" என்றான். பட்டறையில் விதைப்பு எந்திரங்கள் வரிசையில் நிற்கின்றன, நம் முறை வர வசந்தம் ஆகும் என்றும் சொன்னான். அதெல்லாம் எதுக்கு, வீட்டிலேயே நானே மாத்திடுவேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பெத், அந்த வேலை கேட்பதற்கு ரொம்பச் சுலபம். சக்கரத்தைக் கழற்றணும், பிரேக் டிரம்மை இழுக்கணும், பின்பக்கம் இருக்கிற நாலு போல்ட்டைக் கழற்றினால் பேரிங்கும் நடுத்தண்டும் ஒரே துண்டாகக் கையில் வந்துவிடும், புதுசை வைத்து முடுக்கணும், அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்கிறவர்கள் கடலோரத்தில் கார் வைத்திருக்காதவர்கள். நம் வண்டியில் எது போல்ட் எது துரு என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. எண்ணெய் ஊற்றினேன், ஊற வைத்தேன், தட்டினேன், மறுபடி ஊற்றினேன். மூணு போல்ட் வந்தது, நாலாவது தலை மழுங்கி உருண்டையாகிவிட்டது. அதை வாலஸ் தன் வீட்டிலிருந்து ஏதோ குறடு கொண்டுவந்து திருகி எடுத்தான், எடுத்ததை ஊர் முழுக்கச் சொன்னான். போல்ட் எல்லாம் வந்தும் பேரிங் வரவில்லை, கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மன்னிச்சுக்கோ, அந்த உதாரணத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்றால் இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிறைய அடித்தல்.

சனிக்கிழமை வாலஸ் கால்பந்து பார்க்கப் போய்விட்டான். நான் தனியாக, பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, சுத்தியலால் அந்த பேரிங்கின் விளிம்பில் போட்டுக்கொண்டிருந்தேன். கொல்லையில் தரை எப்படி என்று உனக்குத் தெரியும், வெறும் மணல், அதிலும் மழை பெய்த மணல். காரைத் தாங்கி நின்ற ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வைத்திருந்தேன், ஆனால் வைத்த பலகை போதவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஸ்டாண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. திடீரென்று கார் ஒரு பெருமூச்சு விட்டு என் பக்கம் இறங்கியது. கழற்றின சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைத்திருந்தேன், அந்தப் புத்தி மட்டும் இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம் உனக்கு வருகிறது. கார் அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. நடுவில் என் ஸ்வெட்டரின் கை மாட்டிக்கொண்டது. கை இல்லை, பயப்படாதே, ஸ்வெட்டரின் தொங்கல்தான். ஆனால் அது அம்மா பின்னினது. அம்மா பின்னினது கிழியாது. இழுத்துப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், தலை வழியாகக் கழற்றலாம் என்று பார்த்தால் கழுத்தையும் இறுக்கமாகப் பின்னியிருக்கிறாள்.

உன் அம்மா கூப்பிடு தூரத்தில் கூட இல்லை, அதைவிடக் கிட்டே, கொடியில் படுக்கை விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். டோரீன் என்றேன். திரும்பவில்லை. பலமாகக் கூப்பிட்டேன். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடுத்த விரிப்பை உதறினாள். எனக்குக் கோபம் வந்தது பெத், உண்மையைச் சொல்கிறேன், வேணும்னே செய்றாள் என்று நினைத்தேன், காலையில் முட்டையைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தேன், அதுக்காக. கையில் கிடைத்த போல்ட்டை எறிந்தேன். அது அவள் பக்கத்துக் கூடையில் விழுந்தது. அவள் கூடையைப் பார்த்தாள், அப்புறம் வானத்தைப் பார்த்தாள், கடற்புறா ஏதாவது போட்டுவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்தாளாம். இன்னொன்று எறிந்தேன், மறுபடி வானத்தைப் பார்த்தாள். கார் இன்னொரு தடவை முனகிவிட்டு லேசாக அசைந்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் போய் பயம் வந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். ரெண்டு வீடு தள்ளி ஒரு நாய் பதில் சொன்னது, உன் அம்மா சொல்லவில்லை. கடைசியில் காலை நீட்டித் தோட்டத்து ரப்பர் குழாயை இழுத்து, அதன் முனையில் இருக்கிற விசையை அழுத்திப் பிடித்து, அவள் உலர்த்தின வெள்ளை விரிப்பு எல்லாத்தின் மேலும் தண்ணீர் அடித்தேன்.

திரும்பினாள். அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் அந்த முகம் மாறினதே, அதை நான் மறக்க மாட்டேன். ஓடி வந்து, ஜாக்கியைச் சரியான இடத்தில் வைத்து, பெரிய பலகையைப் போட்டு, காரைத் தூக்கி என்னை வெளியே இழுத்துவிட்டு, ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரமாக் கூப்பிட்ட என்று கேட்டாள். தொண்டை போற வரைக்கும் என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேக்கலை மர்ரே," என்றாள். "ரொம்ப நாளாவே சரியாக் கேக்கலை. பக்கத்துல உக்காந்து முகத்தைப் பாத்துப் பேசினா புரியும். இல்லேன்னா சிரிச்சு வெச்சிடுவேன்."

அதுக்கப்புறம் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அவள் உதவிக்கு நிற்கிற நெட்பால் கிளப் கடையில் யாரோ இறைச்சி வைத்துச் சுட்ட பை பலகாரம் கேட்டதுக்கு வெறும் தக்காளி சாஸ் கொடுத்தாளாம், டோரீனுக்குத் திமிர் என்று ஊரில் பேச்சு. ஏன் சொல்லாமல் இருந்தாய் என்று கேட்டேன். அவளுடைய அப்பாவுக்குக் காது போனபோது எல்லாரும் அவரிடம் சத்தமாகப் பேசினார்கள், அதுகூடப் பரவாயில்லையாம். கொஞ்ச நாளில் யாரும் அவரிடம் ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டார்களாம். அதை மட்டும் என்னால தாங்க முடியாது என்றாள்.

இப்போது உன் விஷயம். மாப்பிள்ளை ஹேமிஷ் உன்னை விட்டுப் போன அன்றைக்கு நீ அம்மாவுக்குப் போன் பண்ணி, அவன் போயிட்டாம்மா என்று சொன்னாய். அம்மா, நல்லதுதான், அவனுக்கும் ஒரு மாற்றம் வேணுமே என்றாளாம். நீ போனை வைத்துவிட்டாய். பிறகு எனக்கு ஒரு செய்தி அனுப்பினாய், ஹேமிஷ் போயிட்டான், அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அவளையே கேளுங்க என்று. நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் சொல்லவும் இல்லை, குளிர்காலத்துக்கு ஹேமிஷுக்கு ஒரு ஸ்வெட்டர் வேறு பின்னிக்கொண்டிருந்தாள். மனசுக்குள் எவ்வளவு வேதனை வைத்துக்கொண்டு இந்தப் பொம்பளை பின்னுகிறாள் என்று நான் தனியாக வியந்துகொண்டிருந்தேன். பெத், அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அவன் மீன்பிடிக்க எங்கேயோ போயிருக்கிறான் என்று நினைத்திருக்கிறாள். நீ கூப்பிடாததுக்குக் காரணமும் தெரியாமல், வேலை அதிகம் போல என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சமையலறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நான்தான் சொன்னேன். முதல் தடவை மெதுவாகச் சொன்னேன், மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயம்தானே. அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை, ஹேமிஷ் நம்ம பெத்தை விட்டுட்டுப் போயிட்டான் என்று கத்தினேன். ஜன்னலுக்கு வெளியே வாலஸ், அப்போதுதான் கால்பந்து முடிந்து வந்திருக்கிறான், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "வருத்தமா இருக்கு டோரீன்" என்றான். அவன் சொன்னதும் கேட்கவில்லை, தொப்பியைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது. நான் என்ன சொன்னேன் அவகிட்ட, நல்லதுதான்னா சொன்னேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பின்னல் ஊசியை எடுத்து, அந்த ஸ்வெட்டரைக் கை வரைக்கும் பிரித்துப் போட்டாள். அழவில்லை. ராத்திரி ஆட்டு சாப்ஸ் வறுத்தாள், சாப்பிடவில்லை.

உன்னைக் கூப்பிடச் சொன்னேன். பயப்படுகிறாள். போனில் முகம் தெரியாது, மறுபடி ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவேன் என்கிறாள். அதனால்தான் நான் எழுதுகிறேன். நானே உனக்குப் போனில் சொல்லியிருக்கலாம், அவள் பக்கத்திலேயே நின்று சொன்னாலும் அவளுக்குக் கேட்டிருக்காது, ஆனால் அது எனக்குத் திருட்டுத்தனமாகப் பட்டது. நீ அவளுக்கு ஒரு வரி எழுது. அவளைச் சிரிக்க வைக்கிற மாதிரி ஏதாவது எழுது.

பேரிங்கை ஞாயிற்றுக்கிழமை நானும் வாலஸும் சேர்ந்து பிடுங்கி, புதுசை மாட்டிவிட்டோம். வண்டி இப்போது பூனை நடக்கிற மாதிரி போகிறது. சத்தம் என்கிற பேச்சே இல்லை. என் கையால் செய்த வேலை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றாவது இருக்கிறது.

நீ எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்ததும் தூக்கம் வந்து, தனியாக இருக்கிற நேரம் பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் நினைத்துக்கொண்டே இருக்கிறோம். வாலஸ் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

உன் அப்பா,
மர்ரே

பி.கு: தபால்தலை வாங்கணும் வாங்கணும் என்று இந்தக் கடிதம் பிரிட்ஜ் மேலேயே கிடந்துவிட்டது. அதுக்குள் அம்மாவை போர்ட் லிங்கன் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். ரெண்டு காதிலும் சின்னதாக ஒரு கருவி மாட்டிவிட்டிருக்கிறார்கள். திரும்பி வரும்போது ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும், "மர்ரே, பின்னால என்ன அது சத்தம்?" என்றாள். ஒரு சத்தமும் இல்லை என்றேன். இருக்கு, இடது பக்கம் என்றாள். வாலஸை உட்கார வைத்து ஓட்டினேன். ஆமா, இடது பக்கம், முதல்லேயே அதுவாத்தான் இருந்திருக்கும் என்று கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னான். எனக்கு மட்டும் கேட்கவே இல்லை, புதுசு போட்டாச்சு என்ற திருப்தியில் காது மூடிக்கொண்டதோ என்னவோ. அந்த டாக்டர் எனக்கும் ஒரு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். இடது சக்கரத்துக்கு அம்மா தானே பலகை வைக்கப் போகிறாளாம், நான் அந்தப் பக்கம் கையே வைக்கக் கூடாது என்கிறாள்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை அவள் எடுத்துப் படித்துவிட்டாள். இதெல்லாம் நீ எதுக்கு எழுதணும் என்று கேட்டுவிட்டு, கூடத்தில் போன் பக்கத்தில் நிற்கிறாள். உன் நம்பரைத்தான் அழுத்துகிறாள். என்னைப் பேசாமல் இரு என்று கையைக் காட்டுகிறாள். உன் பக்கம் மணி அடிக்கிறதாம். அவளுக்குக் கேட்கிறது.