பொதுமக்கள் கேட்ட ஒரே கேள்வி

திருச்சிராப்பள்ளி மாநகரில் பொதுமக்களின் எண்ணிக்கை ஒன்று. காந்தி மார்க்கெட்டில் காலை வேளையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்தவர்கள் இதை நம்ப மறுக்கலாம். அவர்கள் எங்கள் கல்லூரியின் கலை வரலாற்றுத் துறை நடத்தும் பொதுச் சொற்பொழிவுக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். வந்தால் எண்ணிக்கை இரண்டாகிவிடும் என்பது மட்டுமே அதிலுள்ள சிக்கல்.

நான் இலக்கிய மாணவி. கலை வரலாறு எனக்கு விருப்பப் பாடம். அதிகம் பேசாதவள் என்பதால், சொற்பொழிவு நாட்களில் கூடத்தின் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. மாதந்தோறும் அச்சாகும் அழைப்பிதழின் கடைசி வரி, 'பொதுமக்களும் கலந்துகொள்ளலாம்' என்று பெருந்தன்மையோடு முடியும். அந்தப் பெருந்தன்மையை எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஒரு நாள் மஞ்சள் பையும் குடையுமாக ஒருவர் வந்தார். என்னிடம் பன்னீரை இரு கைகளிலும் வாங்கி முகத்தில் தடவிக்கொண்டு, நேராகப் போய்ச் சிறப்பு விருந்தினருக்கெனப் போட்டிருந்த சோபாவில் அமர்ந்தார். நாங்கள் மேடம் என்று மட்டுமே அழைக்கும் துறைத் தலைவர் பதறிப்போய் அருகே சென்றார்.

"சார், நீங்க யாருன்னு தெரியலையே?"

"பொதுமக்கள்ங்க. கலந்துக்கலாம்னு போட்டிருந்துச்சு."

அன்றிலிருந்து அவருக்கு அதுவே பெயராயிற்று. இயற்பெயரை யாரும் கேட்கவில்லை. பொதுமக்களிடம் பெயர் கேட்கும் வழக்கம் எங்கும் இல்லை.

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் கூடத்தில் மாணவர்கள் கடைசி வரிசையிலிருந்து நிரம்பத் தொடங்கி, நடு வரிசையோடு தீர்ந்துபோவார்கள். முன் வரிசை நாற்காலிகள் வாங்கிய நாளின் பளபளப்போடு இருந்தன. பொதுமக்கள் எழுந்து, திரும்பி, கூடத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க. இவ்வளவு எடத்தை வச்சுக்கிட்டு எல்லாரும் பின்னாடியே தொங்கினா எப்படி? தம்பி, பையை மடியில வையி. ஏம்மா, நீ கொஞ்சம் ஜன்னலோரம் தள்ளி உக்காரு, இன்னும் ரெண்டு பேரு வரட்டும்."

மேடம் ஆண்டுக்கணக்கில் கெஞ்சியும் நகராத கூட்டம் நகர்ந்தது. வாசலில் நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்த கல்லூரி முதல்வரையும் அவர் விட்டுவைக்கவில்லை. "சார், படியில நிக்காதீங்க. உள்ள ஏறி வாங்க." முதல்வர் அவசரமாக உள்ளே வந்து அமர்ந்தார். அங்கே படியே கிடையாது என்பது, அமர்ந்து சற்று நேரம் கழித்துத்தான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்; ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டார்.

சொற்பொழிவின்போது பொதுமக்கள் பெரும்பாலும் உறங்குவார். விளக்கை அணைத்துப் படங்களைக் காட்டத் தொடங்கியதும் தலை சாயும். விளக்கு எரிந்ததும் நிமிரும். "கேள்விகள் ஏதேனும்?" என்று மேடம் கேட்டதும் குடையை ஊன்றி எழுவார். எந்த அறிஞர் எதைப் பற்றிப் பேசியிருந்தாலும் அவருடைய கேள்வி ஒன்றுதான்.

"அங்க போக பஸ் இருக்குங்களா?"

வடநாட்டுக் குகை ஓவியங்களைப் பற்றி ஒரு பேராசிரியர் உருகி உருகிப் பேசி முடித்த நாளில் இந்தக் கேள்வி முதன்முறையாக எழுந்தது. அவர் திகைத்துப்போய், "நாங்கள் ஆய்வுக் குழுவாக வாகனத்தில் சென்றோம்" என்றார்.

"வேன்லயா? சரிங்க. அப்ப பஸ் இல்லைன்னு வச்சுக்கறேன்."

இத்தாலியத் தேவாலயச் சுவரோவியங்களைப் பற்றிப் பேச வந்த அம்மையார் இன்னும் கொஞ்சம் தெளிவானவர். விமானத்தில் போக வேண்டும் என்று புன்னகையோடு விளக்கினார்.

"அது தெரியுதுங்க. எறங்கினப்புறம் சொல்லுங்க. ஏர்ப்போர்ட் வாசல்ல டவுன் பஸ் நிக்குமில்ல?"

அம்மையார் யோசித்தார். பிறகு, நிற்கும் என்றும், தான் அதில்தான் போனதாகவும், தவறான நிறுத்தத்தில் இறங்கி மழையில் நனைந்ததாகவும் சொன்னார். அன்றைய சொற்பொழிவில் கைதட்டல் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

விடை கிடைத்ததோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. பஸ் உண்டு என்று உறுதியாகிவிட்டால், எட்டும் தூரத்து ஊருக்கெல்லாம் போய்விட்டு வந்து, அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிப்பார்.

"போன மாசம் சொன்ன கோயிலுக்குப் போனேங்க. பூட்டியிருந்துச்சு. சாவி யார்கிட்டன்னு கேட்டா, கோயில் காவல்காரர்கிட்டயாம். அவரு எங்கன்னு கேட்டா, வாழைத்தார் ஏத்திக்கிட்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருக்காராம். இங்கயே நின்னிருந்தா சாவியையாவது பாத்திருக்கலாம்."

கலையைப் பற்றியும் அவருக்கு அசைக்க முடியாத கருத்துகள் இருந்தன. சிற்பம் எவ்வளவு சிறந்ததாயினும், அருகே உட்கார இடமில்லாவிட்டால் மதிப்பெண் குறைப்பார். அவர் குடியிருக்கும் ஸ்ரீரங்கத்தில், தூணில் பாயும் குதிரை வீரர்களைக் காண வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அந்தத் தூண் வீரர்களில் ஒருவனைப் பற்றிப் பொதுமக்களின் ஆய்வு முடிவு இது: "அப்படியே எங்க டெப்போ மேனேஜருங்க. லீவு கேக்கப் போனா அதே முறைப்பு."

ஒருமுறைதான் அவர் எல்லை மீறினார். அன்று வந்த அறிஞர் ஒரு தோரணவாயிலின் இடப்பக்கத்தைப் பேசி முடிப்பதற்குள்ளாகவே மதிய உணவு வேளை கடந்துவிட்டது. "இனி வலப்பக்கம்" என்று அவர் தொடங்கியபோது, முதல் வரிசையிலிருந்து நீளமாக ஒரு விசில் எழுந்தது. அறிஞர் பாதிச் சொல்லில் பிரேக் போட்டு நின்றார்.

"மன்னிச்சுக்குங்க சார், பழக்க தோஷம்" என்று விசிலை வாயிலிருந்து எடுத்தார் பொதுமக்கள். மேடம் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். விருந்தினரை வழியனுப்பிவிட்டுத் திரும்பியதும், "சார், ஒரு காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்று தம் அறைக்கே அழைத்துப்போனார்.

ஏன் எப்போதும் பஸ்ஸையே கேட்கிறார் என்று பன்னீர்ச் செம்பைக் கழுவிக்கொண்டே ஒரு நாள் கேட்டேன்.

"சர்வீஸ் பூராவும் துறையூர் லைன் பாப்பா. வழியில எத்தனை ஊரு! எல்லா ஊர்ப் பேரையும் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். ஒண்ணுலயும் எறங்கிப் பாத்ததில்ல."

"ஏன் சார்?"

"நல்லாக் கேட்ட போ. நான் எறங்கினா வண்டி எப்படிப் போகும்?"

சொற்பொழிவுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. வந்து பேசும் அறிஞர்கள், தம் களப்பணிக்கோ பயிற்சிக்கோ எங்களில் ஒருவரை எடுத்துக்கொள்ள முன்வருவார்கள். மேடம் அதை 'அரிய வாய்ப்பு' என்று அறிவிப்பார், கைதட்டுவோம், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மாணவிகள் கூடி நின்று படிப்போம். பிறகு வீட்டுக்குப் போய்விடுவோம். பலகையில் அரிய வாய்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, தடித்த அட்டையாகவே ஆகியிருந்தன.

சென்ற ஆண்டு ஓர் ஆய்வாளர் அம்மா வந்தார். உப்பிலியபுரத்துக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலுள்ள நாயக்கர் கால மண்டபத்தைப் பற்றிப் பேசினார். அங்குள்ள ஓவியம் ஒவ்வொன்றின் கீழும் ஓரிரு வரி தமிழ் எழுதப்பட்டிருக்கிறது. கரியும் ஒட்டடையும் படிந்து மங்கிக்கொண்டிருக்கும் அவ்வரிகளைப் படித்துப் பதிவு செய்ய, பழந்தமிழ் படிக்கும் ஒரு மாணவி கோடை விடுமுறையில் வந்து, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை வீட்டில் தங்க வேண்டும். மேடம் என் பெயரைச் சொன்னார். நான் பன்னீர்ச் செம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த மங்கிய வரிகளைத் திரையில் பார்த்த கணத்திலிருந்து, என் வாழ்வில் வேறு எதையும் அவ்வளவு விரும்பியதில்லை.

கேள்வி நேரம் வந்தது. கூடம் முழுவதும் ஆவலோடு பொதுமக்களைப் பார்த்தது. முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த ஆய்வாளர், பஸ் விவரத்தைக் கடைசிப் படத்திலேயே போட்டு வைத்திருந்தார். பொதுமக்கள் எழவில்லை. உறங்கவும் இல்லை. "கேள்வி இல்லைங்க" என்றார் மெதுவாக. கூடம் ஏமாந்துபோயிற்று.

வாசலில் என்னருகே வந்து நின்றார். "அந்த ஊர்ப் பேரை தெனம் கத்தியிருக்கேன் பாப்பா. புளியமரத்தடியில ஆளை எறக்கிட்டு ரைட் குடுத்துருவேன். அங்க இப்படி ஒண்ணு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

எங்கள் வீடு எடமலைப்பட்டி புதூரில். அப்பா ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கர். சந்தேகம் தீராமல் எதிலும் கையெழுத்துப் போடாதவர். அன்று மாலை மேடமே தொலைபேசியில் அழைத்தார். அப்பா ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு கேட்டார். அரிய வாய்ப்பு என்றார் மேடம். எதிர்காலத்துக்கு நல்லது என்றார். சான்றிதழ் உண்டு என்றார். அப்பா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாய்ப்பெல்லாம் சரிங்க மேடம். அங்க போக பஸ் இருக்கா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். வீடுகளில் இதே கேள்விக்கு விடை கிடைக்காமல் பலகையில் தடித்துப்போயிருந்த அட்டை என் கண்முன் வந்தது. மேடத்துக்கும் அதுவே தோன்றியிருக்க வேண்டும்.

"அந்தக் கேள்விக்கு எங்ககிட்ட ஒருத்தர் இருக்கார் சார்" என்றார் மேடம். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

ஞாயிறு காலை, மஞ்சள் பையும் குடையுமாகப் பொதுமக்கள் வந்து சேர்ந்தார். அம்மா காபி கொடுத்தார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்துதாங்க போயிட்டு வந்தேன்" என்று தொடங்கினார் பொதுமக்கள். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினா துறையூர் வழியா நேர் வண்டி. மாற வேண்டியதில்ல. ட்ரைவரு எனக்குத் தெரிஞ்ச பையன். கண்டக்டரு என்கிட்ட தொழில் கத்துக்கிட்டவன்."

"கடைசி வண்டி?"

"பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணு. அதை விட்டாலும் கவலையில்ல, தங்கப் போறது டீச்சரம்மா வீட்டுலதானே? மண்டபத்துக்கு எதுத்த வீடு."

"அவங்களைப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. சாப்பிடச் சொன்னாங்க. வேணாம்னேன், விடலை. ரசம் கொஞ்சம் ஒறைப்பு."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அவ ஒறைப்பு சாப்பிடுவா."

அப்பா திரும்பிப் பார்த்தார். வீட்டில் தீர்ப்பு ஒருபக்கமாகச் சாய்வது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆயினும் கடைசியாக ஒன்று கேட்டார். "அந்த மண்டபம் எப்படிங்க? பாதுகாப்பா இருக்குமா?"

"அது பூட்டியிருந்துச்சு. சாவி டீச்சரம்மாகிட்டதான். ஆனா அவங்க அலமாரியில தேடி எடுக்கறதுக்குள்ள என் வண்டி வந்துடுச்சு."

"அப்ப ஓவியத்தைப் பாக்கவே இல்லையா சார்?" என்று கேட்டேன். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் புளியமரத்தடியில் முதன்முறையாக இறங்கியவர் அவர்.

"அது நீ பாக்க வேண்டியது பாப்பா. நான் பஸ்ஸைப் பாக்கத்தானே போனேன்?"

"சரிங்க, போயிட்டு வரட்டும்" என்றார் அப்பா. என்னிடமல்ல, அவரிடம்.

போய்வந்தேன். கரிக்கு அடியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அவ்வரிகள் வெளிப்பட்ட நாட்களைப் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது. ரசம் கொஞ்சமல்ல, மிகவே உறைப்பு.

திரும்பி வந்ததும், கண்டறிந்ததைப் பொதுச் சொற்பொழிவாகத் தர வேண்டும் என்றார் மேடம். வழக்கம்போல் அழைப்பிதழ் அச்சாயிற்று; வழக்கம்போல் கடைசி வரியும் இருந்தது. பன்னீர் தெளிக்க வேறொரு மாணவி நின்றாள். பொதுமக்கள் முன்னதாகவே வந்து, கூட்டத்தை விரட்டி முன் வரிசைகளை நிரப்பியிருந்தார். நான் தாளைப் பார்த்தே படித்தேன். விளக்கு அணைந்திருந்த நேரம் முழுவதும் ஒருவர் மட்டும் உறங்காமல், சற்று முன்னால் சாய்ந்து, படங்களையே பார்த்துக்கொண்டிருந்தது மேடையிலிருந்து தெரிந்தது.

"கேள்விகள் ஏதேனும்?" என்றார் மேடம்.

யாரும் கேட்கவில்லை. மாணவி ஒருத்தியின் பேச்சுக்குப் பின் என்ன கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கண்கள் கலங்கிவிடும் போலிருந்தது. அப்போது முதல் வரிசையில் ஒரு குடை தரையில் ஊன்றப்பட்டது.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்கம்மா" என்றார். பாப்பா என்றும் நீ என்றும் அதுவரை என்னை அழைத்துவந்தவர். "ஒரே ஒரு கேள்விங்க. அங்க போக பஸ் இருக்குங்களா?"

கூடம் சிரித்தது. நான் தாளைக் கீழே வைத்தேன்.

"இருக்குங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினா துறையூர் வழியா நேர் வண்டி, மாற வேண்டியதில்ல. புளியமரத்தடியில நிக்கும். சாவி எதுத்த வீட்டு டீச்சரம்மாகிட்ட இருக்கு. இப்பல்லாம் அலமாரியில வைக்கிறதில்ல, வாசல் ஆணியிலயே மாட்டி வைக்கச் சொல்லியிருக்கேன். காலையிலயே போனா எல்லாத்தையும் நிதானமாப் பாத்துட்டு வரலாம்."

தம் பணிக்காலம் முழுவதும் அந்த ஊரின் பெயரைக் கூவியவர், அதை இன்றுதான் கேள்விப்படுபவர்போல, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.