மாசம் ஒரு கோட்டு

காரின் பின் இருக்கையில் ஒரு பல்வரிசை கிடந்தது.

மேல் தாடை, கீழ்த் தாடை இரண்டும் சேர்ந்தாற்போல, இளித்தபடி. அதன் மேலேயே போய் உட்கார்ந்த டெய்லரின் மனைவி முட்டி வலியையும் மறந்து ஒரு துள்ளுத் துள்ளினாள்.

"ஏங்க! யாரோ பல்லை விட்டுட்டுப் போயிருக்காங்க!"

"மெதுவா பேசு. முதலாளி காதுல விழப்போகுது."

முதலாளி முன்னால் உட்கார்ந்து காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். டெய்லர் எட்டி, கண்ணாடியில் அவர் வாயைப் பார்த்தார். அவருடைய பற்கள் அவரிடமேதான் இருந்தன. சொல்லப்போனால், முன்பைவிடப் பளபளவென்று இருந்தன. அப்பாடா என்று சாய்ந்துகொண்டார்.

அந்தக் கார் டெய்லருடையது. முழுக்க இல்லை, முக்கால்வாசி.

ஒருநாள் அவருடைய கடை வாசலில் அது வந்து நின்றபோது, கத்தரிக்கோலைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. கருநீல நிறம். தெருவே அதன் மேல் தலைகீழாகத் தெரிந்தது. எதிர்க்கடை பெயர்ப்பலகையைக்கூட அதில் படிக்கலாம். அதிலிருந்து ஓர் ஆள் இறங்கினார் என்பதே டெய்லருக்கு வெகு நேரம் கழித்துத்தான் உறைத்தது.

வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், தலையில் ஒரு தொப்பி. வேறு ஆடம்பரம் கிடையாது. சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இத்தனை பெரிய காரை வைத்துக்கொண்டு இத்தனை அடக்கமா என்று டெய்லர் உருகிப் போனார்.

பேண்டின் ஓரம் பிரிந்திருந்தது. அதைத் தைக்கத்தான் வந்தார். தைத்து முடிப்பதற்குள் டெய்லர் மனைவியின் முட்டியைப் பற்றியும், பஸ் படி ஏற அவள் படும் பாட்டைப் பற்றியும் சொல்லிவிட்டார். வந்தவர் உச்சுக் கொட்டினார்.

"இந்தக் காரை நீங்களே எடுத்துக்குங்க டெய்லர் சார்."

"ஐயோ, எங்கிட்ட ஏதுங்க அவ்வளவு பணம்?"

"பணத்தை யாரு கேட்டா? மாசம் ஒரு கோட்டு தைச்சுக் குடுங்க. ஒரு வருஷத்துல கார் உங்களுது. அதுவரைக்கும் பேப்பர் எங்கிட்ட இருக்கட்டும்."

"ஏதாவது எழுதி வெச்சுக்கலாமா?"

"நமக்குள்ள என்னங்க எழுத்து?" என்றார் வந்தவர்.

கேட்டதற்காக டெய்லருக்கு வெட்கமாகிவிட்டது. அன்று முதல் அவர் முதலாளி ஆனார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் முட்டிப் பயிற்சி உள்ள திங்களும் வியாழனும் கார் வரும். டெய்லருக்கு ஓட்டத் தெரியாது என்பதால் முதலாளியே ஓட்டி வந்தார். அதுமட்டுமா? இவர்கள் கடையிலிருந்து இறங்குவதற்குள் ஓடி வந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார். ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை நேரமானாலும் முகம் சுளிக்காமல் நிற்பார். நிற்கிற நேரத்தில் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார்.

"பணக்காரங்க இப்படியெல்லாம் கதவைத் திறந்து விடுவாங்களா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"அதுதான் பெரிய மனுஷத்தனம். உனக்கும் எனக்கும் அது வருமா?"

அந்த மனிதருக்கு டெய்லர் உயிரைக் கொடுத்துத் தைத்தார். முதலாளிக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். எவ்வளவு பொறுப்பைத் தாங்குகிற தோளோ என்று எண்ணிக்கொண்டு, உள்ளே பஞ்சு வைத்து அதை வலது தோளுக்குச் சமமாக்கினார். கோட்டை மாட்டியதும் முதலாளி நிமிர்ந்து நின்ற தோற்றத்தைப் பார்த்து அவருக்கே கை கூப்பத் தோன்றியது. 

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பல்வரிசை வந்து சேர்ந்தது.

பெரிய மனிதரிடம் பல்லைப் பற்றிக் கேட்பது மரியாதையில்லை. டெய்லர் அதைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் திருப்பிப் பார்த்தால், அடியில் கடைத்தெரு பல் டாக்டரின் முத்திரை இருந்தது. முதலாளியின் நண்பராக இருக்கும், கொண்டுபோய்க் கொடுத்தால் முதலாளி மகிழ்ந்துபோவார் என்று கிளம்பினார்.

பல் டாக்டர் துள்ளிக் குதித்தார். "அட, கிடைச்சிருச்சா! குழந்தைங்களுக்குப் பல் விளக்கக் காட்டற பொம்மைப் பல்லுங்க இது. எங்க இருந்தது?"

"என் கார்ல."

"இருக்காதே. நான் என் கார்ல இல்ல வெச்சிருந்தேன்?"

"கருநீலம்?"

"கருநீலம்."

"பின்கதவுல பிறை மாதிரி ஒரு கீறல்?"

"அது எப்படிய்யா உங்களுக்குத் தெரியும்?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த நோயாளி, கதை கேட்கிற சுவாரசியத்தில் மூடவே இல்லை.

"நான் மாசம் ஒரு கோட்டு தைக்கிறேங்க அந்தக் காருக்கு!" என்றார் டெய்லர்.

"நான் மாசம் ஒரு பல்லு கட்டறேன்யா!" என்றார் டாக்டர். "வர்றப்போ முன்னாடி ரெண்டு பல்லு கிடையாது. பெரிய மனுஷங்களுக்குத் தன்னைக் கவனிச்சுக்க எங்க நேரம்னு நினைச்சேன். செவ்வாயும் சனியும் கார் எனக்கு."

"அப்ப நமக்கு ரெண்டு பேருக்குமே தரணும்னு நினைச்சிருக்காரு. என்ன மனசு பாருங்க!"

"யோவ் டெய்லர், ஒரே காரை ரெண்டு பேருக்குத் தர்றதுக்குப் பேரு மனசு இல்லய்யா. மோசடி!"

டெய்லருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாத உழைப்பு போகட்டும். இனிமேல் பஸ் படி ஏற வேண்டாம் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியம்தான் அவரைக் குத்தியது.

திங்கட்கிழமை சாவியைப் பிடுங்கிவிடுவது, கணக்கைப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை கார் வந்தது. சாம்பல் நிறப் புதுக் கோட்டில் முதலாளி இறங்கி, பின்கதவைத் திறந்து, டெய்லரின் மனைவியைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார். தொங்கிக்கொண்டிருந்த பேண்டுகளுக்குப் பின்னாலிருந்து பல் டாக்டர் பாய்ந்தார்.

"சாவியைக் குடுங்க!"

முதலாளி பதறவில்லை, வாதாடவில்லை. இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தார்.

"பத்திரமா வெச்சுக்குங்க. ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதட்டாதீங்க."

பிறகு அந்தப் பளீர்ச் சிரிப்பைச் சிரித்து, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு தெருவோடு நடந்தார். எதிரே வந்தவர்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் வணக்கம்கூடச் சொன்னார். டெய்லர் மெய்ம்மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதுகுல ஒரு சுருக்கம் விழுதா பாருங்க டாக்டர்."

"சுருக்கம் கிடக்கட்டும். ஏறி ஓட்டுங்க!"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே. நீங்க ஓட்டுவீங்கன்னு இல்ல நினைச்சேன்?"

"எனக்குத் தெரிஞ்சா அவர் ஏன்யா வந்து ஓட்டறாரு?"

பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. டாக்டர் ரோஷம் பொங்க ஏறி உட்கார்ந்து எதையோ திருகி எதையோ மிதித்தார். கார் ஒரு குதி குதித்துத் திரும்பி, தெருவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோலக் குறுக்கே நின்றுவிட்டது. அதன் பிறகு அசையவில்லை. இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் லாரி, நடுவில் நூறு வாய்.

பின் இருக்கையிலிருந்து மனைவி சொன்னாள். "பஸ்லயே போயிருந்தா இந்நேரம் காலை நீட்டி மடக்கி முடிச்சிருப்பேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே டெய்லருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போலீஸ்காரர் வந்தார். "யார் வண்டி?"

"என்னுது," என்றார்கள் இருவரும்.

போலீஸ்காரர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டேஷ்போர்டைத் திறந்து பேப்பரை எடுத்தார். அதில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. கூடவே போன் நம்பரும்.

கொஞ்ச நேரத்தில் டாக்ஸியில் ஓர் அம்மாள் வந்து இறங்கினாள். மகள் வீட்டுக்கு வெளிநாடு போய், அன்று காலையில்தான் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பியவள். ஷெட் காலியாகக் கிடந்ததைப் பார்த்து உயிரே போய்விட்டது என்றாள். பின் இருக்கையில் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது.

"முதல்ல இவங்க என் டாக்ஸியில ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்."

"இது முடியறதைப் பாத்துட்டுப் போறேங்க," என்றாள் டெய்லரின் மனைவி.

போலீஸ்காரர் விசாரணையைத் தொடங்கினார். "இந்தக் காரைக் கோட்டு போட்ட ஒருத்தருக்கு வித்தீங்களாம்மா?"

"நான் யாருக்கும் விக்கலையே!"

"ராஜா மாதிரி இருப்பாருங்க," என்றார் டெய்லர்.

"சிரிச்சா தெருவே வெளிச்சமாகும்," என்றார் டாக்டர்.

"அப்படி ஒருத்தரை நான் கண்ணால பாத்ததே இல்லைங்க."

"வீட்டுல வந்து போறவங்க போட்டோ ஏதாவது இருக்கா?"

அந்த அம்மாள் போனில் தேடி ஒரு படத்தை எடுத்தாள். கார் வாங்கிய அன்று எடுத்தது. காரின் பக்கத்தில், படத்தில் விழலாமா வேண்டாமா என்று தயங்கியபடி, ஒட்டிய கன்னத்தோடு வெள்ளைச் சட்டையில் ஓர் ஆள். முன்னால் இரண்டு பல் இல்லை.

பல் டாக்டர் அந்த இடைவெளியைப் பார்த்தார். எந்த அளவு, எந்தச் சாய்வு என்று அவர் விரல்களுக்குத் தெரியும்.

டெய்லர் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார். இடது தோள் கொஞ்சம் இறக்கம். உடம்பு சிலிர்த்துவிட்டது அவருக்கு. ஏமாந்த வருத்தம்கூட ஒரு நிமிடம் எங்கோ போய்விட்டது. ஒன்பது கோட்டும் சில பல்லும் சேர்ந்து இந்த ஆளையா அந்த ஆளாக்கின?

"இவரா உங்க ஆளு?" என்றார் போலீஸ்காரர்.



அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட போங்க சார், பேட்டரி செத்துடாம அப்பப்ப ஓட்டி வையின்னு நான் சொல்லிட்டுப் போன எங்க டிரைவருங்க இது. இந்த மூஞ்சியைப் பாத்து எவனாவது கார் முதலாளின்னு நம்புவானா?"