கடைசி பெஞ்ச் படித்த பள்ளிக்கூடம்

திருவையாற்றிலிருந்து குத்தாலம் வரை காவிரிக் கரையைச் சல்லடை போட்டுத் தேடினாலும், சொந்தமாகப் பள்ளிக்கூடம் ஆரம்பித்து அதில் தானே கடைசி பெஞ்சில் உட்கார்ந்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். ஊரில் அவருக்குப் பெயரே 'கடைசி பெஞ்ச்'தான். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது.

அந்தப் பள்ளியில் மொத்தமே ஒரு பெஞ்ச். ஒரு தென்னை மரத் துண்டு. அதன் கோடியில் ஒண்டிக்கொண்டு உட்காருவார். "இவ்வளவு இடம் இருக்கே?" என்று கேட்டால், "அதெல்லாம் நல்லாப் படிக்கிற பசங்களுக்கு சார்" என்பார்.

நான் அப்போது அந்த ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியர். அவர் மகள் அபிநயா என் வகுப்பு. தை அறுவடை முடிந்ததும் அவளுடைய அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அன்றோடு பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டிலும் பேசவில்லை, வகுப்பிலும் பேசவில்லை. விஷயம் தெரியாத நான் ஒரு நாள் பாடம் வாசிக்கச் சொல்லி, வாய் திறக்கும்வரை உட்காரக் கூடாது என்று பீரியட் முழுக்க நிற்க வைத்தேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. வாய்க்கால் கரைப் புங்க மரத்தடியில் அவள் அப்பா தனியாகப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார் என்று தகவல் வந்தது.

படிப்பை நிறுத்திய பிள்ளைகளை வீடு தேடிப்போய் அழைத்து வருவதும் எங்கள் வேலைதான். வண்டியை எடுத்தேன்.

மரத்தில் மணிக்குப் பதிலாக டிராக்டர் கலப்பையின் பழைய டிஸ்க் ஒன்று தொங்கியது. அதை ஸ்பேனரால் டங் டங்கென்று அடித்துவிட்டு, அடித்தவரே ஓடிப்போய் வரிசையில் நின்றார். ஒரு ஆள் வரிசை. எதிரே அம்மாவின் புடவையைச் சுற்றிக்கொண்டு, கையில் சாக்பீஸோடு, டீச்சராக அபிநயா.

"என்னங்க இது? நீங்கதானே புள்ளைக்குச் சொல்லித் தரணும்?"

"நான் எட்டாவது ஃபெயிலு சார். எனக்கு என்ன தெரியும்? டீச்சர் மனசு வச்சா இந்த வருஷம் பாஸாயிடுவேன்."

பாடம் தொடங்கியது. ஏழெட்டு எவ்வளவு என்று டீச்சர் தகரப் பலகையில் எழுதினாள். கடைசி பெஞ்ச் எழுந்து கைகட்டி, "அம்பத்தி நாலுங்க டீச்சர்" என்றார். அவள் உதட்டைச் சுளித்து, பேசாமல் 56 என்று எழுதினாள். அடுத்து, உலகத்திலேயே பெரிய ஆறு எது என்று எழுதினாள். "கொள்ளிடம்ங்க டீச்சர்." அதற்கும் ஒரு சுளிப்பு, பலகையில் சரியான விடை. மடை திறக்கப் போய்த் தாமதமாக வந்த நாளில் லீவ் லெட்டர் கொடுத்தார். அதில் நாலு பிழை. நாலையும் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாள். எத்தனை தப்பு செய்தாலும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

நான் வாராவாரம் போனேன். அவளை அழைத்து வரத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் அந்த மரத்தடியில் ஏதோ மருந்து இருந்தது. ஆனி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டால், மேகம் காலடியில் நகரும். தும்பி ஒன்று பலகை விளிம்பில் வந்து உட்காரும். நட்ட பயிர் காற்றில் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், வந்த காரியம், வகித்த பதவி எல்லாம் மறந்துபோகும். விழித்துப் பார்த்தால் வண்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அபிநயா என் பெயரையும் வருகைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டாள்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். டீச்சர் சாக்பீஸ் டப்பாவைத் திறந்தாள். காலி. கடைசி பெஞ்ச் அவசரமாக எழுந்தார்.

"டீச்சர், ஒரு பாடம் ஒப்பிக்கட்டுங்களா? குறுவை நெல்லை ஐப்பசி அடை மழையில நடுவாங்க. சித்திரை வெயில்ல அறுப்பாங்க."

சொல்லும்போது அவர் முழங்காலில் இன்னும் சேறு காயவில்லை. சற்று முன்புதான், ஆனியில் தானே நட்ட குறுவைப் பயிருக்குக் களை பறித்துவிட்டு வந்திருந்தார். எதிரே மூன்று ஏக்கரும் பச்சைப் பசேலென்று நின்றது.

அபிநயா பலகையைப் பார்த்தாள். வயலைப் பார்த்தாள். சாக்பீஸ் இல்லை. முகம் சிவந்துபோயிற்று.

"தப்பு!"

தும்பி பறந்துவிட்டது. நானும் எழுந்துவிட்டேன்.

"ஐப்பசியில குறுவை நடுவாங்களா? அப்ப அறுத்தே முடிச்சிருப்பாங்கப்பா! இதுகூடத் தெரியாம எப்படிப்பா விவசாயம் பாக்குற?"

கடைசி பெஞ்ச் கட்டிய கையை அவிழ்க்காமலே பெஞ்சில் உட்கார்ந்தார்.

சிறிது நேரத்தில் குவைத்திலிருந்து வீடியோ கால் வந்தது. வெள்ளிக்கிழமைதான் அம்மாவுக்கு ஓய்வு. இத்தனை மாதமும் அந்த அம்மாள் தனியாகப் பேசுவார், பிள்ளை திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று அவளே போனைப் பிடுங்கினாள்.

"அம்மா! அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியலம்மா. குறுவைக்கு எப்ப நடவுன்னுகூடத் தெரியல!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக நட்டு அறுத்தவர்கள். அந்த அம்மாளுக்குத் தெரியாதா? மறுமுனையிலிருந்து அழுகையும் சிரிப்புமாக அவர் குரல் வந்தது.

"ஆமாண்டி தங்கம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கணும்."

கடைசி பெஞ்ச் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

அபிநயா எட்டாம் வகுப்பையும் அந்த மரத்தடியில்தான் முடித்தாள். தலைமையாசிரியர் கேட்டபோதெல்லாம், "வேற நல்ல பள்ளிக்கூடத்துல படிக்குது சார்" என்றேன்.

இப்போது என் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை வந்து உட்கார்ந்தால், நான் நிற்க வைப்பதில்லை. வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். சில பிள்ளைகள் பேசுகின்றன, சில பேசுவதில்லை. அவரைப் போல அவ்வளவு அழகாகத் தப்பு சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.