முப்பத்தொரு நோய்களை ஒழித்த கூட்டம்

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து நோயை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் ஏராளம். சிலர் மருந்து கண்டுபிடித்தார்கள். சிலர் ஊசி கண்டுபிடித்தார்கள். சிலர் ஆயுள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். ஆளுக்கு ஒரு நோய் என்ற கணக்கில்கூட அவர்களால் முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் இடைப்பட்ட நேரத்தில், கை தூக்கும் முறையில், முப்பத்தொரு நோய்களை ஒழித்துக்கட்டிய பெருமை அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்கே உரியது. அந்தப் பட்டறையின் முதலாளி இதை வெளியில் சொல்லிப் பீற்றிக்கொண்டதில்லை. அடக்கம் அவரோடு கூடப்பிறந்தது.

முதலாளி நல்லவர். இதை யாரும் மறுக்க முடியாது, அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். காய்ச்சலோடு வந்தவரை அவர் ஒருநாளும் வேலை வாங்கியதில்லை, உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அன்றைய சம்பளத்தையும் கூடவே அனுப்புவார் என்று எதிர்பார்ப்பது பேராசை.

தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு முனையில் அட்டை ஷீட்டுகள் வந்து இறங்கும், மறுமுனையில் பெட்டிகளாக மடிந்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப்போட்டு வேனில் ஏறும். இடையில் ஐந்து பேர். ஷீட்டை வெட்டும் கட்டிங் மாஸ்டர், மெஷின் சத்தத்தில் முப்பது வருடம் நின்று பாதிக் காதை அதற்கே கொடுத்துவிட்டவர். பெட்டியின் ஓரங்களுக்குக் கம்பிப் பின் அடிக்கும் பின் அக்கா. மேலே 'கவனம், உடையும்' என்று அச்சடிக்கும் மைக்காரர். பில் போடும் பெண், கல்யாணமாகி ஆறு மாதம். கட்டுகளைத் தோளில் தூக்கி வேனில் ஏற்றும் லோடு அண்ணன்.

எல்லாம் இந்த லோடு அண்ணனால் ஆரம்பித்ததுதான். மூன்று மாதமாக அவர் வலது கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, இடது கையை அடிவயிற்றில் வைத்தபடி நடப்பதை முதலாளி கவனித்தார்.

"என்னப்பா, கையை எப்பப் பாத்தாலும் அங்கேயே வச்சிருக்கே?"

"எடுத்தா வெளிய வருதுங்க முதலாளி."

"எது?"

"குடலுங்க. ஹெர்னியான்னு டாக்டர் சொன்னார். ஆபரேஷன் பண்ணணுமாம்."

"எப்ப?"

"காசு வந்தப்புறம்."

முதலாளிக்கு மனசு பிசைந்தது. நடிப்பில்லை, உண்மையாகவே பிசைந்தது. இந்த மனுஷனுக்கு ஆபரேஷன் நடந்தாக வேண்டும், அதற்குப் பட்டறையில் இருக்கும் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்துவிட வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தார். அவருக்கும் சொந்தத்தில் ஒரு காரணம் இருந்தது என்று சிலர் பின்னால் சொன்னது வீண் பழி. இரண்டு வருடமாக அவர் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சுக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததே. அன்றைக்கு அது அவர் நினைவுக்கே வரவில்லை.

காப்பீட்டு ஆலோசகர் கழுத்தில் டையும் கையில் டேப்லெட்டுமாக வந்தார். அவர் மனிதர்களை 'உயிர்' என்றுதான் சொல்வார். அந்தத் தொழிலின் மரியாதை அப்படி.

"மொத்தம் எத்தனை உயிர் சார்?"

"அஞ்சு பேர். என்னையும் சேத்தா ஆறு."

ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார். "ரொம்பக் கம்மி சார். ஆறாயிரம் உயிர் இருந்தா, ஒண்ணுக்கு முடியலைன்னா மத்தது தாங்கும். உங்ககிட்ட ஒருத்தர் படுத்தா ஆறுல ஒரு பங்கு படுத்த மாதிரி. எங்க ஆபீஸ் பாஷையில அது கொள்ளைநோய்."

"அப்ப சின்ன இடத்துல வேலை பாக்கறவங்க என்ன பண்றது?"

"ஆரோக்கியமா இருக்கறது நல்லது சார்."

திரையில் ஒரு தொகை தெரிந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த டீயை விழுங்க மறந்தார். பாதி அவர் கட்ட வேண்டும், மீதிப் பாதி ஐந்து பேர் சம்பளத்திலும் மாதாமாதம் பிடிக்கப்படும்.

"கட்டுப்படியாகாதேப்பா."

"அதுக்குத்தான் சார் எங்க 'கட்டுப்படித் திட்டம்'. இதுல முப்பத்திரண்டு நோய் இருக்கு. உங்களுக்குத் தேவையில்லாத நோயை எடுத்துடலாம். எடுக்க எடுக்கத் தொகை இறங்கும்."

வேறு முதலாளியாக இருந்தால் தானே உட்கார்ந்து நாலு நோயை அடித்துப்போட்டிருப்பார். நம் முதலாளி ஜனநாயகவாதி. தொழிலாளர்களின் நோயைத் தொழிலாளர்களே தீர்மானிக்கட்டும் என்றார். மெஷின்கள் நிறுத்தப்பட்டன. ஷீட் அடுக்குகளின் மேல் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பில் போடும் பெண் குறிப்பெடுக்க நியமிக்கப்பட்டாள். முதலாளி தலைமை வகித்தார். தலைவர் என்பதால் தாம் நடுநிலை என்றும், யாருக்கும் ஆதரவாகக் கை தூக்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். அந்த நேர்மை எல்லோரையும் சற்று மிரட்டியது.

"நான் ஒவ்வொண்ணா படிப்பேன். வேணுங்கிறவங்க கை தூக்கலாம். மூணு கை இருந்தா நிக்கும். இல்லைன்னா போயிடும்."

பட்டியல் அகர வரிசையில் இருந்தது. முதலில் அம்மை. யாருக்கும் அம்மை இல்லை, யாரும் தூக்கவில்லை. ஆலோசகர் விரலால் தட்டினார், தொகை இறங்கியது. இறங்கியதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு ஒரு குஷி வந்துவிட்டது.

இரண்டாவது, இதயம். முதலாளி அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்கத் துணி எடுப்பதற்காகச் சட்டைப் பையில் கை வைத்தார். சட்டைப் பை இடது பக்கம் இருந்தது. ஐந்து பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். ஐந்து கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. லோடு அண்ணன் வயிற்றிலிருந்த கையையும் எடுத்து இரண்டையும் தூக்கினார். ஒரு கைதான் செல்லும் என்று ஆலோசகர் திருத்தினார்.

"இதயம், ஒருமனதாக" என்று குறிப்பில் ஏறியது. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு நோய்கள் மளமளவென்று சரிந்தன. கண் புரைக்கு மைக்காரர் ஒருவர்தான் கை தூக்கினார்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தானேண்ணே இருக்கு" என்றாள் பில் போடும் பெண்.

காதுக்கு ஒரு கையும் எழவில்லை. கட்டிங் மாஸ்டர் தூக்கியிருப்பார், படித்தது அவருக்குக் கேட்கவில்லை. பல்லுக்கு மட்டும் எதிர்பாராமல் நாலு கை எழுந்து, தீர்மானம் நிறைவேறியது. ஆலோசகர் கனைத்துக்கொண்டார்.

"பல்லு பட்டியல்ல இருக்கும் சார். திட்டத்துல இருக்காது. எந்தக் கம்பெனியிலயும் அப்படித்தான்."

பாம்புக்கடி வந்தது, போனது. பித்தப்பைக் கல் என்றதும் பின் அக்கா தனியாகக் கை தூக்கி, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு இறக்கினார். அடுத்து பிரசவம். பில் போடும் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே பேனாவோடு சேர்த்துத் தூக்கினாள்.

"அக்கா, நீங்களாவது தூக்குங்கக்கா."

"எனக்கு மூணு பொறந்து, மூத்தவ காலேஜ் போறா. இனிமே எனக்கு எதுக்குடி?"

அங்கே நடந்த சின்னக் குளறுபடி இதுதான். 'யாருக்கு வேணும்' என்று முதலாளி கேட்டதை, 'யாருக்கு இருக்கு' என்று கேட்டதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முதலாளியின் இதயம் தவிர, தனக்கு இல்லாத நோய்க்குக் கை தூக்குவது அவர்களுக்குப் பொய் சொல்வதுபோல் பட்டது. நாணயமான மனிதர்கள். முதலாளிக்கு இது பாதியிலேயே புரிந்துவிட்டது. ஆனால் தொகை இறங்கிக்கொண்டிருந்தது, நல்ல காரியத்தை நடுவில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

அகர வரிசையில் ஹெர்னியா கடைசி. அது வரும்போது மணி நாலாகியிருந்தது. எல்லோருக்கும் கட்டுப்படியாகும் தொகைக்கு இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி.

லோடு அண்ணன் வலது கையைத் தூக்கினார். வேறு கை எழவில்லை.

"என் கண்ணுக்கு நீ தூக்கினியா?" என்றார் மைக்காரர்.

"உங்களுக்கு இருக்கிறதுக்கு நான் எப்படிண்ணே தூக்கறது?" லோடு அண்ணன் தூக்கிய கையை இறக்காமலே முதலாளி பக்கம் திரும்பினார். "முதலாளி, இது இருந்துட்டா என்ன ஆகும்?"

"கொஞ்சம் கூட வரும்ப்பா."

அந்தக் 'கொஞ்சம்' முதலாளியின் பங்கிலேயே அடங்கிவிடக்கூடியது. அவருக்கு அது தெரியும். உள்ளுக்குள் ஏதோ குத்தியது. நாலு பேர் நோய் போன பிறகு ஒருத்தர் நோயை மட்டும் வைத்தால் அது பாரபட்சமாகிவிடாதா என்று அந்தக் குத்தலை அவர் சமாதானம் செய்தார். மூன்று எண்ணும் நேரம் காத்திருந்தார். பிறகு, "ஒரு கை" என்று எண்ணிச் சொன்னார்.

இப்படியாக முப்பத்தொரு நோய்கள் ஒழிந்தன. தொகை, கட்டுப்படியாகும் இடத்தில் வந்து நின்றது. ஆறு பேருக்கும் படம் போட்ட பளபளப்பான கார்டு வந்தது. லோடு அண்ணன் அதை வீட்டில் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஒரு வருடம் ஓடியது. பட்டறையிலிருந்து ஒருவர்கூடச் சிகிச்சைக்கென்று காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்கவில்லை. நிறுவனம் அசந்துபோய் 'மாதிரி சிறுதொழிற்கூடம்' என்று பாராட்டுக் கடிதம் எழுதியது. விளம்பரப் படம் எடுக்க ஆளும் வந்தார். முதலாளி புதுச் சட்டை போட்டு முன்னால் வந்து நின்றார். படமெடுப்பவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின்னால் கட்டைத் தூக்கிக்கொண்டு போனவரைக் காட்டினார்.

"அவர்தான் சார். அந்தத் தோளு! ஆரோக்கியம்னா அதுதான்."

லோடு அண்ணன் வேன் பக்கத்தில் நிறுத்தப்பட்டார். தோளில் இரண்டு கட்டு ஏற்றப்பட்டது.

"அந்தக் கையை வயித்துலேருந்து எடுங்க. படத்துல அசிங்கமாத் தெரியுது."

"எடுத்தா..." என்று லோடு அண்ணன் முதலாளியைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்தானேப்பா" என்றார் முதலாளி.

"ரெண்டு கையாலயும் பிடிங்க. சிரிங்க. பல்லு தெரியட்டும். இன்னொரு தடவை."

ஏழாவது தடவை படம் பிரமாதமாக வந்தது. லோடு அண்ணன் கட்டுகளை ஒழுங்காக இறக்கி வைத்தார். பிறகு அவற்றின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

பெட்டி ஏற்றும் வேனிலேயே அவரை ஏற்றி, கார்டையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி, பக்கத்திலிருந்த பெரிய தனியார் மருத்துவமனைக்கு முதலாளி பறந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டை மெஷினில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல இதயம் மட்டும்தான் சார் இருக்கு."

"அவருக்குக் குடல்மா."

"குடலை நீங்களே எடுத்துட்டதா காட்டுது. தீர்மானம் முப்பத்திரண்டு. தலைவர்னு கையெழுத்து இருக்கு." அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இது உங்க கையெழுத்துதானே?"

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வண்டி திரும்பியது. தாழ்வாரத்தில் அரை நாள் காத்திருந்த பிறகு ஆபரேஷன் நடந்தது. அழுகிப்போன குடலில் ஒரு சாண் வெட்டியெடுத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். இனி ஆயுளுக்கும் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆயுளுக்கும் பாரம் தூக்கியே பிழைத்தவருக்கு அதற்குமேல் என்ன எழுதுவது என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து முதலாளி பார்க்கப் போனார். புது லோடுமேன் ஒருவரை வேலைக்குச் சேர்த்தாகிவிட்டது என்ற செய்தியை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனார். லோடு அண்ணனின் கட்டில் ஜன்னலோரம். பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாலாள் உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் லோடு அண்ணன், தோளில் இரண்டு கட்டோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: 'நான் இதுவரை ஒன்றுமே கேட்டதில்லை!'

"படம் நல்லா வந்திருக்குங்களா முதலாளி?" என்றார் கட்டிலில் இருந்தவர், குரல் எழும்பாமல்.

முதலாளிக்கு அவமானமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

மனைவி பலகையைப் பார்த்தபடியே பேசினாள். "ஆனா எழுதியிருக்கிறது பொய்ங்க. இவர் கேட்டாராமே. எல்லாரும் இருக்கும்போது கையைத் தூக்கிக் கேட்டாராமே."

"அது வாக்கெடுப்பும்மா. எல்லாரும் சேந்து..."

"நீங்க தூக்கினீங்களா?"

"நான் தலைவர். நடுநிலை."

"அந்தக் கார்டுல இப்ப என்னதாங்க மிச்சம் இருக்கு?"

"இதயம்."

"உங்க பட்டறையில யாருக்கு நெஞ்சுல கோளாறு?"

முதலாளி மனப்பாடம் செய்துவந்ததெல்லாம் மறந்து, "எனக்குத்தாம்மா" என்றார்.

"அப்ப ஒரு வருஷமா மாசாமாசம் இவர் சம்பளத்துல பிடிச்சது?"

"அதுவும்... அதுக்குத்தாம்மா போச்சு."

அவள் எழுந்து, புருஷனின் வயிற்றுக் கட்டின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். முதலாளி உட்காருவதற்காக ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"நிக்காதீங்க முதலாளி, உக்காருங்க. உங்க நெஞ்சைப் பத்திரமாப் பாத்துக்கணும். அஞ்சு பேர் சம்பளத்துல ஓடுது."