கடல் வழியாக வந்த ரயில்

நிறம் கலக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் இல்லை. இன்றுவரை என் வீட்டுக்காரர் என்னைக் குழம்புக்கு உப்புப் போட விடுவதில்லை. காரணம் இந்தக் கதைதான்.

அப்போது பி.காம். முடித்துவிட்டு, காரைக்கால்மேட்டில் வீட்டோடு இருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான்.) பிரான்சிலிருந்து வந்த சித்தப்பா ஒரு பொம்மை ரயிலைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு என்ஜின், நாலு பெட்டி, ஒரு பை நிறையத் தண்டவாளம். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டிருக்கலாம். அண்ணன் என் வாயைக் கிளறாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

காரைக்காலில் அப்போது ரயில் கிடையாது. இருந்த பாதையும் மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. இனி இந்த ஊருக்கு ரயில் வரவே வராது என்றான் அண்ணன்.

"தடைக்காலம் முடியறதுக்குள்ள காரைக்காலுக்கு நான் ரயில் விடுறேன், பாரு" என்றேன். அதையும் கடற்கரையில், நாலு பேர் காதில் விழும்படி சொல்லித் தொலைத்தேன். பிறகு எப்படிப் பின்வாங்குவது?

மீன்பிடித் தடைக்காலம் நாற்பத்தைந்து நாள். அப்பாவின் விசைப்படகு கரையேறியிருந்தது. சும்மா கிடந்த மீன் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டேன். கிழிந்த வலையைக் குவித்து, மைதாப் பசையில் நனைத்த பேப்பரை ஒட்டினால் மலை தயார். (காரைக்காலில் ஏது மலை என்று அண்ணன் கேட்டான். குகைக்கு மலை வேண்டும் என்றேன்.) பச்சை பூசிக் குரும்பகரத்து வயல்களைக் கொண்டுவந்தேன். தீப்பெட்டிகளில் ஸ்டேஷன் எழும்பியது. மஞ்சள் பலகையில் 'காரைக்கால்' என்று எழுதி நட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ரயில்தான் உறுத்தியது. வெள்ளையும் நீலமுமாக, விசா வாங்கி வந்த விருந்தாளி மாதிரி நின்றது. நான் சின்ன வயதில் பார்த்த பாசஞ்சர் செங்கல் நிறம். அந்த நிறம் இல்லாமல் ஓட்டுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

தடை முடிய மூன்று நாள். அப்பாவும் அண்ணனும் என்ஜின் சாமான் வாங்க நாகப்பட்டினம் போயிருந்தார்கள். படகுக்கு வாங்கிய பெயின்ட் டின்கள் கொல்லையில் இருந்தன. சிவப்பில் ஒரு கரண்டி எடுத்து, கறுப்பைச் சொட்டினேன். கருகிய வெல்லப்பாகு நிறம் வந்தது. இன்னும் சிவப்பை ஊற்றினேன். கிண்ணம் போதாமல் குண்டானுக்கு மாறினேன். கொஞ்சம் வெளுக்கட்டும் என்று வெள்ளையைச் சேர்த்தால் ரோஸ்மில்க். மறுபடி கறுப்பு, மறுபடி சிவப்பு. குண்டானும் போதாமல், அம்மா மீன் அலசும் அன்னக்கூடை வந்தது. ஒவ்வொரு தடவையும், இன்னும் ஒரே ஒரு கரண்டிதான் என்று தோன்றியது. கடைசியில் கோலத்துக்கு வைத்திருந்த காவிப்பொடியைக் கொட்டிக் கிண்டியதும் அசல் பாசஞ்சர் நிறம் வந்தேவிட்டது. துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் டின்களைப் பார்த்தேன். மூன்றும் காலி.

ரயிலுக்குப் பிடித்தது நாலு கரண்டி.

திரும்பி வந்த அப்பா அன்னக்கூடையைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை.

"ஏம்மா, மிச்சத்த என்ன பண்றதா உத்தேசம்?"

அழுதுவிட்டேன். பெயின்ட் இல்லாத பலகையை உப்புத் தண்ணீரில் இறக்க முடியாது. தடை முடிந்த முதல் நாள் கடலில் மீன் நிறைந்திருக்கும். அந்த நாளை எந்தப் படகுக்காரரும் விடமாட்டார். அண்ணன் கடை கடையாக ஏறி இறங்கினான். ஊர்ப் படகெல்லாம் அந்த வாரம்தான் பெயின்ட் வாங்கும் என்பதால் எங்கும் டின் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்னக்கூடையைத் தூக்கினேன். நானே அடிக்கிறேன் என்றேன். இரண்டு நாள் அண்ணனும் நானும் படகைச் சுற்றி வந்து அடித்தோம். சன்னலும் வரைந்துவிடலாமா என்று அவன் கேட்டான்.

கடைசி நாள் சாயங்காலம், பார்க்க வந்தவர்கள் முன்னால் என் ரயிலுக்குக் கரன்ட் கொடுத்தேன். படகு பெயின்ட் சக்கரத்துக்குள் இறங்கிப் பிசினாக உறைந்திருந்தது. என்ஜின் முனகியதே தவிர, இம்மியும் நகரவில்லை. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

மறுநாள் விடிந்ததும் வெள்ளையும் நீலமும் பச்சையுமாகப் படகுகள் கிளம்பின. நடுவில் செங்கல் நிறத்தில் எங்கள் படகு. கரையிலிருந்து யாரோ 'கூ' என்றார்கள். அடுத்த நொடி கரை முழுக்க 'கூ'. நான் முகத்தை மூடிக்கொண்டேன். விரல் இடுக்கில் பார்த்தால், அப்பா தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து, ரயில்வே கார்டு மாதிரி கரையைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

படகு அப்புறம் எத்தனையோ நிறம் மாறிவிட்டது. மீன் ஏலத்தில் இன்றும் "பாசஞ்சர் வந்துருச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

சில வருஷம் கழித்துக் காரைக்காலுக்கு நிஜமாகவே ரயில் வந்தது. குடும்பத்தோடு பார்க்கப் போனோம். அண்ணனிடம் நான் தலைநிமிர்ந்து பேசலாம் என்று வாயைத் திறப்பதற்குள், அப்பா நீலப் பெட்டிகளைக் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இது ரெண்டாவது ரயிலுதானம்மா" என்றார். "கலரும் சரியில்ல."