தையலுக்கு விட்ட மூன்று அங்குலம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உடம்பளவில் நலம், கட்டட அளவில் நலமில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தை ஒழுங்காகத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் "சுருக்கமாச் சொல்லுடா" என்பாய். இது சுருங்குகிற விஷயமில்லை. அதுவும் போக, நேற்று நான் "ரூம் இன்னும் ரெடியாகலக்கா, கொஞ்சம் பொறுத்து வா" என்றதும் நீ "சரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டென்று போனை வைத்தாய். அந்த "சரிடா" என்னை விடிய விடியத் தூங்கவிடவில்லை. அதற்கு முன்னால் பேச்சுவாக்கில், பெண்கள் விடுதி ஒன்றைப் போய்ப் பார்த்ததாகவும், அங்கே ஜன்னலெல்லாம் பெரிதாக இருப்பதாகவும் சொன்னாயே, அது எனக்குச் சுருக்கென்றது. உன் வீட்டுக்காரம்மா வீட்டை விற்றுவிட்டு உன்னைக் காலி பண்ணச் சொன்ன அன்றைக்கே "இங்க வந்துடுக்கா" என்று சொன்னவன் நான். இப்போது சாக்குப்போக்கு சொல்கிறேன் என்று நீ நினைத்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? ஆகவே நடந்தது அத்தனையும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே சொல்.

முதலில் வீடு வாங்கிய கதை. தரகர் எங்களை அழைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். ஒரு வீட்டில் சமையலறைக் கதவைத் திறந்தால் குளியலறைக் கதவைத் திறக்க முடியாது. "ஒரே நேரத்துல சமைச்சுக்கிட்டே குளிக்கப் போறீங்களாண்ணே?" என்று கேட்டார். இன்னொரு வீட்டில் ஹாலைப் பார்த்துவிட்டு "படுக்கையறை எங்கே?" என்றால், "அப்படியே திரும்பி நில்லுங்க, அதான்" என்றார். மூன்றாவது வீடு எங்களுக்குப் பிடித்துப்போய், யோசித்துச் சொல்கிறோம் என்று தெருமுனைவரை வந்து, யோசித்து, திரும்பிப் போனால் அதற்குள் விலை ஏறிவிட்டது. "இப்பத்தானே போனோம், அதுக்குள்ள எப்படிய்யா ஏறும்?" என்று என் மனைவி சண்டைக்குப் போனாள். "நீங்களே திரும்பி வந்துட்டீங்களேம்மா, அப்ப கிராக்கி இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் மனிதர். எங்களைக் காட்டியே எங்களுக்கு விலை ஏற்றினார். கடைசியில் எங்கள் கைக்கு எட்டியது ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை, பின்னால் கொஞ்சம் வெற்றிடம். அக்காவுக்கு ரூம் இல்லையே என்று நான் இழுத்தேன். "பின்னாடி இடம் கிடக்குல்ல, ஒரு ரூம் எடுத்துட்டாப் போச்சு. யாருண்ணே கேக்கப் போறா?" என்றார். அக்கா, கேட்காத ஆளே இல்லை.

நகராட்சி அலுவலகத்தில் கட்டட ஆய்வாளர் என்று ஒருவர் இருக்கிறார். என் வயதில் பாதிதான் இருக்கும். இடுப்பில் எந்நேரமும் ஓர் இரும்பு டேப். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், சிரிக்க மாட்டார், அவ்வளவுதான். அவர் சொன்ன விதி இதுதான்: படுக்கையறை என்றால் அதன் பின்சுவருக்கும் மதிலுக்கும் நடுவே நான்கு அடி காலியிடம் விட வேண்டும், காற்று வர. அதே சமயம் அறையின் அகலம் எட்டு அடிக்குக் குறையக் கூடாது, மனிதன் வர. நம் இடத்தை அளந்தால் நூல் பிடித்த மாதிரி இரண்டும் சரியாக அமைந்தது. வரைபடமும் பாஸாகிவிட்டது. நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். உனக்குப் போன் செய்து "கட்டிலை அனுப்புக்கா" என்று சொன்னது அந்த ஆட்டத்தில்தான்.

அடுத்து நடந்ததற்கு என்னைத் திட்டக் கூடாது. கொத்தனார் வந்து "அளவு போட்டுக் கொடுங்க சார், கயிறு கட்டிடலாம்" என்றார். அளவு போடுவதை நான் இன்னொருவனிடம் விடுவேனா? நாற்பது வருஷம் தையல்கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். ஆளைப் பார்த்தாலே கழுத்தளவு சொல்லுகிறவன். கழுத்தில் தொங்கிய துணி டேப்பை எடுத்தேன், எட்டு அடி அளந்தேன், சாக்கட்டியால் கோடு போட்டேன். போடும்போது கை தானாகப் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் தையலுக்கு விட்டுவிட்டது. சத்தியமாக எனக்குத் தெரியாது அக்கா, கைக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் ஏற்கெனவே வீட்டுச் சுவர் இருக்கிறது, அங்கே விட முடியாது. ஆகையால் இரண்டு பக்கத்துக்கானதும் சேர்ந்து மூன்று அங்குலமாகப் பின்பக்கம் போய்விட்டது. கொத்தனாரும் நல்ல மனிதர், நான் போட்ட கோட்டின் மேலேயே கட்டினார்.

கூரை போட்டுக் கதவும் மாட்டிய பிறகுதான் ஆய்வாளர் வந்தார். பின்னால் போய் இரும்பு டேப்பை நீட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மூணு இன்ச் வெளிய வந்திருக்கு சார்."

"தையலுக்கு விட்டது சார்," என்றேன், வாய் முந்திக்கொண்டது.

"எதுக்கு?"

"நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விடலாம்ல."

"சுவரையா?"

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் விடவில்லை. "எதுக்கும் என் டேப்புல ஒருதடவை பார்த்துடலாம் சார்" என்றேன். பார்த்தோம். அதிலும் மூன்று அங்குலம்தான். சொந்த டேப்பே காட்டிக்கொடுத்தால் என்ன செய்வது? பின்சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும், கூரையையும் பிரிக்க வேண்டும் என்று கொத்தனார் கணக்குச் சொன்னபோது, நான் அவர் வாயைப் பொத்தாத குறை. வீட்டுக் கடனுக்கே வங்கிக்காரர் என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. அப்போது ஆய்வாளரே ஒரு வழி சொன்னார். ஸ்டோர் ரூம் என்றால் பின்னால் மூன்று அடி விட்டால் போதுமாம். "படுக்கையறைன்னு போட்டதை ஸ்டோர்னு மாத்தி எழுதிக் கொடுங்க. சுவரைத் தொட வேண்டாம்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. மாற்றி எழுதிக் கொடுத்தேன். கொடுத்த பிறகு விதியின் மறுபாதியைச் சொன்னார்: ஸ்டோருக்கு வெளிப்பக்கம் ஜன்னல் கூடாது.

ஆக, உனக்காகப் பார்த்துப் பார்த்து வைத்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தோம். நான் அன்று சாப்பிடவில்லை. என் மனைவிதான் யோசனை பண்ணி, ஹால் பக்கச் சுவரில் ஒன்றை உடைத்துத் திறக்கச் சொன்னாள். ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே திறப்பது ஜன்னல் ஆகாது, அது வெறும் திறப்பு என்றார். திறப்புக்குத் தடையில்லையாம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர் கண் உன் கட்டில்மேல் விழுந்தது.

"இது என்ன?"

"கட்டில் சார். அக்காவோடது."

"ஸ்டோர்ல கட்டில் போட்டுப் படுத்தா அது படுக்கையறை. படுக்கையறைன்னா நாலு அடி. எடுத்துடுங்க."

எடுப்பதா? நீ அனுப்பிய கட்டில் வந்து இறங்கியபோது சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருந்தது. மழை வேறு வரும்போல இருந்ததால் நான்கு பேராகத் தூக்கிச் சுவருக்கு மேலாக உள்ளே வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பிறகு கட்டிலைச் சுற்றித்தான் அறையே வளர்ந்தது. அத்தான் ஆசை ஆசையாகச் செய்த கட்டில், ஓர் ஆணி கிடையாது, கழற்றவும் வராது. கதவு வழியே நேராக, சாய்த்து, தலைகீழாக எல்லாம் பார்த்தாகிவிட்டது. அறுத்துவிடலாமா என்று கொத்தனார் கேட்டார். என் மனைவி கரண்டியோடு வந்து நின்ற வேகத்தில் அந்த ஆள் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வியாழக்கிழமை ஆய்வாளர் கடைசித் தடவையாகப் பார்க்க வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வங்கி மிச்சக் கடனைக் கொடுக்கும், போடாவிட்டால் வீடே அந்தரத்தில் நிற்கும். ஆகவே என் மகள் ஒரு திட்டம் போட்டிருக்கிறாள். கட்டில்மேல் பெட்டி, அண்டா, பழைய மின்விசிறி, என் தையல் மிஷின் எல்லாவற்றையும் கூரைவரை அடுக்கி, முன்னால் "அலமாரி" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டாள். "பேர் எழுதி ஒட்டின அலமாரியை எந்த வீட்டுலடி பாத்திருக்கே?" என்றேன். "பேர் எழுதலைன்னா கட்டில்னு கண்டுபிடிச்சிருவார்ப்பா" என்கிறாள். படித்த பெண், நான் என்ன சொல்ல?

ஆகையால் அக்கா, தயவுசெய்து இப்போது வந்துவிடாதே. நீ வந்தால் கட்டிலைக் காலி செய்ய வேண்டும், காலி செய்தால் அது கட்டில் என்று தெரிந்துவிடும். அதற்காக அந்த விடுதிக்கும் போய்விடாதே. நீ வந்து எங்களோடு இருக்க வேண்டும் என்றுதான் இந்த வயதில் கடனை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் எங்கள் மூன்று பேருக்கு அந்தப் பழைய வாடகை வீடே தாராளம். "அண்ணி வரலைன்னா அந்த ரூமை நானே இடிச்சிடுவேன்" என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள், அவள் செய்வாள். நீ இல்லாமல் எனக்கு இந்த வீடு வேண்டாம். போனில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் எழுதிவிட்டேன்.

என் மனைவி உனக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். மகள் முத்தம் சொல்லச் சொன்னாள். உன் ஆசீர்வாதத்தை எங்களுக்கும், முடிந்தால் கொஞ்சம் அந்த ஆய்வாளருக்கும் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
உன் அளவு தவறிய அன்புத் தம்பி

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிச் செருப்பை மாட்டும்போது வாசலில் வண்டிச் சத்தம். பார்த்தால் நீ, இரண்டு பெட்டியோடு. நேற்று நீ போனைப் பட்டென்று வைக்கவில்லையாம், அதில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். "பொறுத்து வா" என்றது உன் காதில் விழவே இல்லையாம், "வா" மட்டும் விழுந்ததாம். அந்த விடுதியும் உனக்கில்லையாம். வீட்டை நல்ல விலைக்கு விற்ற உன் வீட்டுக்காரம்மாவால் அந்த விலைக்கு வேறு வீடு வாங்க முடியாமல், அவரைச் சேர்த்துவிடத்தான் போனாயாம். நான் ஒரு ராத்திரி தூக்கத்தை யாருக்காகத் தொலைத்தேன் பார்!

உள்ளே வந்ததும் வராததுமாக "அலமாரி"யைக் கிழித்தாய், அண்டாவை இறக்கவைத்தாய், ஏறிப் படுத்தாய், ஐந்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டாய். "காத்தே இல்லடா. நான் ஹால்லயே படுத்துக்கறேன்" என்று மின்விசிறிக்கு நேர்கீழே மெத்தையை விரித்தாய். நான், என் மனைவி, மகள் மூவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். "எனக்கு ரூம் வேணும்னு எப்படா கேட்டேன்? உங்களோட இருக்கணும்னுதானே கேட்டேன்" என்றாய். நான் போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, ஒரு நாள் முன்கூட்டியே, அந்த மனிதர் டேப்போடு வந்து நிற்கிறார். "கட்டில் இன்னும் இங்கேயே இருக்கே?" என்றார். நான் "சார், அது வந்து, அலமா..." என்று ஆரம்பித்தேன். நீ படுத்த வாக்கிலேயே சொன்னாய்: "கட்டில்தான் தம்பி. எங்க வீட்டுக்காரர் செஞ்சது. இப்ப யாரும் படுக்கறதில்ல. பழைய சாமானை ஸ்டோர்ல வைக்காம வேற எங்க வைப்பாங்க?" அவர் கட்டிலைப் பார்த்தார், ஹாலில் உன் மெத்தையைப் பார்த்தார், டேப்பைச் சுருட்டி இடுப்பில் மாட்டினார். "அது சரிதாம்மா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சிரித்தார் என்று என் மகள் சொல்கிறாள், நான் பார்க்கவில்லை.

இத்தனை எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. இப்போது ஸ்டோரில் உன் கட்டில்மேல் உட்கார்ந்துதான் இதை முடிக்கிறேன். இந்தத் திறப்பு வழியாக ஹாலுக்குள் போடுகிறேன், நேராக உன் மெத்தைமேல் வந்து விழும். படித்துவிட்டு அந்தத் தபால்தலையை மட்டும் கிழியாமல் பிரித்துக் கொடு.