வாரண்டியும் வாரேன்டியும்

“வாரண்டி... ஆமா பொன்செல்வி, வாரண்டி... அஞ்சு மணிக்குள்ள! சத்தமாப் பேச முடியாது, வீட்டுல ஆள் இருக்கு.”

கொல்லைப்புறத்தில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குத்தவைத்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசிய முத்துக்கிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். எதிரே மனைவி பிரேமலதா, ஈரத்துணி வாளியோடு.

“எவகிட்ட ‘வாரேன்டி’ன்னு சொல்லுதிய?”

அவர் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

கார் வாங்கி மூன்று வருஷம். வாரண்டி இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. காசு கட்டி இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீட்டலாமா, வேண்டாமா? ஓட்டலில் இட்லியா தோசையா என்று தீர்மானிக்கவே அரைமணி நேரம் எடுக்கிற மனுஷன், ஆறு மாதமாக இதே பேச்சு. கோமதியம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளை வந்தது, வாங்கு என்று அர்த்தம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை பார்த்தார், சிவப்பு வந்தது. “இனிமே அந்தப் பேச்சை எடுத்தா இந்த வீட்டுல சோறு கிடையாது” என்று பிரேமலதா சொல்லிவிட்டாள்.

இன்று காலைதான் ஒருவழியாக வாங்குவது என்று முடிவெடுத்திருந்தார். எங்கேயாவது நடுவழியில் வண்டி நின்று அவளை வெயிலில் நிறுத்திவிடுமோ என்று அவருக்குப் பயம். அதை மட்டும் அவளிடம் சொன்னதே இல்லை.

“ஐயோ லதா, அது கார் வாரண்டி! திருநெல்வேலி ஆபீஸ்ல இருந்து ஒரு பிள்ளை போன் போடுதா. அஞ்சு மணிக்குள்ள நம்ம ஊர் ஷோரூம்ல போய்க் காசு கட்டணுமாம். நீதான அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்ன?”

“வாரண்டிப் பேச்சைத்தான் எடுக்கக் கூடாதுன்னேன். வாரேன்டிப் பேச்சை எடுக்கச் சொன்னேனா? நாளையோட கல்யாணம் முடிஞ்சு இருபது வருசம். எனக்கு ஒரு ‘டி’ போட்டிருப்பியளா?”

நிரூபித்துவிடலாம் என்று, பொன்செல்வியை மறுபடி கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“உங்களுக்காகத்தான் சார் காத்துக்கிட்டு இருக்கேன்,” என்றது தேன் குரல். “இன்னைக்கு விட்டா இனிமே கிடைக்காது.”

பிரேமலதா வாளியைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் பாதித் துணி வெளியே வந்து விழுந்தது.

சாட்சிக்கு ஆள் பிடிப்போம் என்று பக்கத்து வீட்டு மெக்கானிக் இப்ராஹீமைக் கூப்பிட்டார். “நான் வாரண்டிக்கு அலையுதது உனக்குத் தெரியும்லா? மைனிட்ட சொல்லு.”

இப்ராஹீமின் முகம் சுண்டிப்போனது. “வாரண்டியே வேண்டாம், வண்டிய நீ பாத்துக்கோன்னு நேத்துதான எங்கிட்ட சொன்னிய அண்ணாச்சி? எனக்கு ஒண்ணும் தெரியாது மைனி.” விறுவிறுவென்று போய்விட்டான்.

“சங்கரநாராயணர் மேல சத்தியமாச் சொல்லுதேன் லதா!”

“எந்தப் பக்கத்து மேல? சிவன் பக்கமா, பெருமாள் பக்கமா? அதுலயும் ஒரு முடிவுக்கு வரமாட்டிய.” அவள் அவரைக் கூடத்து நாற்காலியில் இழுத்து உட்கார வைத்து, சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கார்ச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “அஞ்சு மணி வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. பொறவு எங்க வேணும்னாலும் போங்க.”

நாலே முக்காலுக்கு அடுப்பில் பால் பொங்கியது. அவள் அடுக்களைக்கு ஓடிய நேரத்தில், ஐம்பது வயது முத்துக்கிருஷ்ணன் கொல்லைச் சுவரை ஏறிக் குதித்தார். வேட்டி கிழிந்தது. தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. காருக்கு வாரண்டி வாங்க ஆட்டோவில் போன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். இன்று ராத்திரி சோறு கிடைக்காது, அது நிச்சயம். ஆனாலும் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு முடிவெடுத்து அதற்காக ஓடுகிறோம் என்று நினைத்தபோது, அவருக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

ராஜபாளையம் ரோட்டு ஷோரூமில் மணி நாலு ஐம்பத்தைந்து. கவுண்டரில் இருந்த அபிஷா வண்டி நம்பரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கிழிந்த வேட்டியையும் பார்த்தாள்.

“சார், கல்யாண நாள் பரிசுன்னு மேடம் போன வாரமே இதுக்குக் கட்டிட்டாங்களே! திருநெல்வேலி ஆபீசுக்குக்கூட நாங்க இன்னும் சொல்லல. ‘சண்டை போட்டாவது அஞ்சு மணி வரைக்கும் அவர வீட்டுல பிடிச்சு வைக்கேன்’னு சொன்னாங்க... ஏன் சார், சண்டை போடலையா?”